ஒரு லிட்டர் உருளைக்கிழங்கு எத்தனை கிராம்?

ஒரு லிட்டர் பாத்திரம் நிறையத் தண்ணீர் பிடித்தால் அதன் எடை ஒரு கிலோகிராம். அதே பாத்திரத்தில், குச்சி குச்சியாக நறுக்கி உறைய வைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளை நிரப்பினால் எடை என்ன? உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர்தானே, ஆகவே இதுவும் ஒரு கிலோகிராம்தான் என்று சிலர் கூறக்கூடும். தராசில் வைத்தாலோ ஏறத்தாழப் பாதிதான் இருக்கும். மீதி எங்கே?

பச்சை உருளைக்கிழங்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.08 கிராம். உறையும்போது அதிலுள்ள நீர் விரிவடைவதால் அடர்த்தி சற்றுக் குறையும். ஆனால் எடையைப் பாதியாக்க இது போதாது. உண்மையான காரணம், துண்டுகளுக்கு இடையே புகுந்துள்ள காற்று.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பச்சைக் கிழங்கை நறுக்கி, ஒரு லிட்டர் பாத்திரத்தில் தலைதட்டி நிரப்புங்கள். பிறகு அளவு குவளையால் விளிம்பு வரை நீர் ஊற்றுங்கள். 550 மில்லிலிட்டர் நீர் பிடித்தது என்று கொள்வோம். அவ்வளவும் இடைவெளி. கிழங்கின் பருமன் 450 மில்லிலிட்டர் மட்டுமே. எனவே,

எடை = 450 × 1.08 = 486 கிராம்.

பாத்திரத்தைக் குலுக்கினால் துண்டுகள் நெருங்கி அமரும். இன்னும் சில துண்டுகள் உள்ளே போகும். நீண்ட துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுந்து அதிக இடைவெளி விடும். உடைந்த சிறு துண்டுகள் அந்த இடைவெளிகளை அடைக்கும். நெல்லைப் படியால் அளந்த நாளில், குலுக்கி அளந்தால் வாங்குபவருக்கும் தளர அளந்தால் விற்பவருக்கும் ஆதாயம் கிடைத்ததும் இதனால்தான்.

ஆகவே, 'ஒரு டம்ளர் இத்தனை கிராம்' என எல்லாவற்றுக்கும் பொருந்தும் எண் கிடையாது. இது வெறும் கணக்குப் புதிர் அன்று. நீரிழிவு உள்ள ஒருவர் 100 கிராம் என்று எண்ணி டம்ளரால் அளந்தால், ஒரு நாள் 80 கிராமும் மறுநாள் 120 கிராமும் தட்டில் விழலாம். மாவுச்சத்தும் அதற்கேற்ப மாறும். டம்ளர் மட்டும் மாறாது!

தராசு இருந்தால் நிறுத்துவிடுவதே நல்லது. எப்போதும் நிறுக்க இயலாதவர், தாம் வாங்கும் வகைத் துண்டுகளை உறைந்த நிலையிலேயே தமது டம்ளரில் மூன்று முறை நிரப்பி, ஒவ்வொரு முறையும் நிறுத்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளலாம். டம்ளரின் எடையைக் கழிக்க மறக்கக் கூடாது. அந்த எண் அந்தத் டம்ளருக்கும் அந்த வகைத் துண்டுக்கும் மட்டுமே பொருந்தும்.