பெர்மாவின் ஆறாம் எண்

இரண்டை இரண்டால் பெருக்க நான்கு. நான்கை நான்கால் பெருக்கப் பதினாறு. இவ்வாறே பெருக்கிச் செல்லின் 256, 65536 என எண்கள் விரைந்து வளரும். இரண்டு முதலாக இவை ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்னும் ஐந்து எண்கள் கிடைக்கும். ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். மேற்கூறிய ஐந்தும் பகா எண்களே.

பிரெஞ்சு நாட்டுத் துலூஸ் நகரில் நீதிமன்ற அலுவல் பார்த்துக்கொண்டே கணிதத்தில் திளைத்தவர் பெர்மா என்பவர். இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும் பகா எண்களே என்று தாம் கருதுவதாக 1640ஆம் ஆண்டில் ஒரு மடலில் அவர் எழுதினார். அதனை மெய்ப்பிக்கும் வழி கைகூடவில்லை என்பதையும் அம்மடலில் மறைத்திலர். ஐந்தும் ஒத்து வந்தபின் ஆறாவதையும் நம்புதல் மக்கட்கு இயல்பே. கணிதமோ அந்நம்பிக்கையைச் சான்றாகக் கொள்வதில்லை.

ஆறாம் எண் 4294967297. அஃதாவது நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கமாயின், அவற்றுள் சிறியது அவ்வெண்ணின் வர்க்கமூலத்தை விஞ்சாது. ஆதலின் இவ்வெண்ணை ஆராயப் புகுவோர் 65536க்கு உட்பட்ட பகா எண்கள் ஒவ்வொன்றாலும் இதனை வகுத்துப் பார்த்தல் வேண்டும். அத்தகைய எண்கள் 6542 உள்ளன! கையால் வகுப்போர்க்கு இஃது எத்துணைப் பெரும்பணி!

சுவிட்சர்லாந்தில் பிறந்து, உருசிய நாட்டுப் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய ஆய்லர், 1732ஆம் ஆண்டில், தம் 25ஆம் வயதில், இம்முடிச்சை அவிழ்த்தார். இவ்வெண்ணை வகுக்கும் எண் ஒன்று உண்டாயின், அதனை 64ஆல் வகுக்க மீதி ஒன்றே நிற்கும் என்பது அவர் பின்னர் மெய்ப்பித்துக் காட்டிய விதி. இவ்விதியை அறிந்தால் வேலை மிகச் சுருங்கிவிடும். 65, 129, 193 என 64ஐக் கூட்டிக்கொண்டே செல்க. வருவனவற்றுள் பகா எண்களை மட்டும் கொள்க. 193, 257, 449, 577 ஆகிய நான்கும் மீதி தருகின்றன. ஐந்தாவதாக வரும் 641 மீதியின்றி வகுக்கிறது, ஈவு 6700417. இதனை மாணவர் தாமே பெருக்கிப் பார்க்கலாம். அரைத்தாளில் அடங்கும் கணக்கே அது. பெர்மாவின் கருத்து, 92 ஆண்டுகளுக்குப் பின், ஒரு வகுத்தலால் வீழ்ந்தது.

இவ்வரிசையில் ஆறாவது பகா எண் ஒன்று இன்றுவரை அகப்படவில்லை. ஏழாம் எண்ணாகிய 18446744073709551617 இருபது இலக்கம் உடையது. அதனை 274177 வகுக்கும் என்பதை 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு லாந்திரி என்பவர் கண்டார். அப்பொழுது அவருக்கு வயது 82.