தடுப்புக்குப் பின்னாலிருந்து கேட்ட பாடம்

மதத்தை முற்றாக உதறியவர்கள்தாம் மதச்சார்பற்ற இலக்கியம் படைப்பார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அவர்களின் நவீன இலக்கியம் மதக் கல்விக்கூடத்திலிருந்தே பெருமளவு எழுந்து வந்தது.

இன்றைய பெலாரஸில் உள்ள வொலோஜினில் 1803இல் ஒரு யெஷிவா தொடங்கப்பட்டது. அங்கே இளைஞர்கள் நாளெல்லாம் தால்முத் படித்தார்கள். தால்முத் ஒரே குரலில் பேசும் நூலன்று. ஏற்கப்படாத கருத்துக்கும் அதில் இடமுண்டு. எதிர்க்கேள்வி கேட்பதே அங்கே படிப்பு. அந்தப் பழக்கம் ஒருநாள் மரபையே நோக்கித் திரும்பியது. மாணவர்கள் நவீன நூல்களை மறைத்துவைத்துப் படித்தார்கள். ஹீப்ருக் கவிஞர் பியாலிக், எழுத்தாளர் பெர்டிசெவ்ஸ்கி இருவரும் அங்கே பயின்றவர்கள். வழிபாட்டு மொழியிலேயே மனிதரின் ஐயத்தையும் ஆசையையும் எழுதினார்கள்.

வீட்டிலும் சந்தையிலும் மக்கள் பேசியது இத்திஷ். கற்றவர்கள் அதைக் கொச்சை என்று ஒதுக்கினார்கள். 1864இல் அதில் கதை எழுத வந்த மெண்டெலேயும் யெஷிவாவில் பயின்றவர்தான்.

ஆனால் அந்தக் கூடத்தில் பெண்களுக்கு இடமில்லை. ரப்பியின் மகளான த்வோரா பாரோன் (1887–1956), ஆண்களுக்கு நடந்த பாடத்தைத் தொழுகைக்கூடத்தின் பெண்கள் பகுதியில் தடுப்புக்குப் பின்னாலிருந்து கேட்டுக் கற்றார். மத விதிப்படி கணவன் தள்ளிவைக்கும் பெண்ணின் துயரத்தை அவர் ஹீப்ருக் கதையாக்கினார்.

எழுத்து மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். நமக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. நூலைக் கையில் தந்த கல்வியே அதைக் கேள்வி கேட்கும் கருவியையும் தந்தது. அந்தக் கல்வி யாருக்கு மறுக்கப்பட்டதோ, அவர்கள் எழுத வரும்வரை அந்த இலக்கியமும் பாதிதான்.