மண்பாண்டத்தில் வைத்த உறுதி

வீட்டை விட்டு ஓடும் ஒரு குடும்பம் எதை எடுத்துச் செல்லும் என்று எம்மவர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. பிள்ளைகள், கொஞ்சம் அரிசி, ஒரு தறப்பாள், அடையாள அட்டை, காணி உறுதி. கத்தோலிக்கக் குடும்பமானால் சுவரில் தொங்கிய மாதா படமும் அந்தப் பொதிக்குள் இருக்கும்.

ஏறக்குறைய 1670ஆம் ஆண்டில் மாந்தையை விட்டுப் புறப்பட்ட 20 கத்தோலிக்கக் குடும்பங்களும் இப்படித்தான் புறப்பட்டன. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள், குருக்களைத் துரத்தினார்கள். மாந்தை மக்கள் தங்கள் கோவிலில் இருந்த மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, ஒல்லாந்தரின் கை எட்டாத வன்னிக் காட்டுக்குள் நடந்தார்கள். மருதமடுவில் தங்கினார்கள். யாழ்ப்பாணப் பகுதியிலிருந்து ஓடிவந்தவர்களும் பின்னர் அவர்களோடு சேர்ந்தார்கள். இன்று நாம் மடுத் திருப்பதி என்று கைகூப்புகின்ற இடம் தொடக்கத்தில் ஓர் அகதி முகாம்தான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகின்றோம்.

அந்த மக்களைப் பற்றி எமக்கு மிகவும் வியப்பாக இருப்பது வேறொன்று. 1658இலிருந்து, புனித யோசேவ் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்த 1687 வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள் அவர்களுக்குக் குருவானவர் இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஒரு தலைமுறையே அப்படி வளர்ந்தது. அடிகளார் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு பிச்சைக்காரரைப் போல வீடு வீடாகச் சென்றார். செபமாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகின்றது என்று பார்த்தே தம்மவர்களை இனங்கண்டார் என்பது வரலாறு. அப்படி இனங்காணும்படி விசுவாசம் எங்கே தங்கியிருந்தது? கோவில்கள் ஒல்லாந்தரிடம் இருந்தன. ஆகவே அது விளக்கு வைத்த பின் அம்மாவும் அப்பாவும் பிள்ளைகளோடு முழந்தாளிட்ட வீட்டுத் திண்ணையில் தங்கியிருந்தது. அதன் பின்னரும் குருக்கள் வந்துபோகின்ற இடைவெளிகளில் ஊர்ச் செபத்தை நடத்தியவர்கள் மூப்பரும் அண்ணாவியாரும்தான். இந்தப் பதவிகளை நாம் இன்று திருவிழாக் கணக்குப் பார்ப்பதோடு சுருக்கிவிட்டோம்.

அதே மடு மீண்டும் முகாமாகியது. 1990 ஜூனில் போர் மறுபடியும் தொடங்கியபோது வவுனியா, மன்னார் ஊர்களிலிருந்து மக்கள் திருப்பதி வளவுக்குள் வந்து குவிந்தார்கள். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர் அலுவலகம் அங்கே திறந்த நிவாரண நிலையம் ஒன்றை அமைத்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மரங்களுக்குக் கீழே கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்த ஆண்டுகள் அவை. யாத்திரிகர்கள் ஒரு கிழமை தங்குகின்ற காட்டில் எம்மவர்கள் பல ஆண்டுகள் தங்கினார்கள். அங்கேயே பிள்ளை பெற்றார்கள், அங்கேயே முதியவர்களை அடக்கம் செய்தார்கள்.

அங்கு அடைக்கலம் புகுந்தால் ஆபத்தில்லை என்றுதான் எல்லோரும் நம்பினோம். 1999 நவம்பர் 20ஆம் திகதி ஆலய வளவில் ஷெல்கள் விழுந்தன. சுமார் 40 பேர் இறந்தார்கள்; அவர்களுள் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. விசுவாசம் பலம் தரும் என்று எழுதுகின்ற நாம் இந்த நாளைத் தாண்டிப் போக முடியாது. செபித்தவர்கள் தப்பினார்கள், செபிக்காதவர்கள் இறந்தார்கள் என்று எவராவது சொன்னால், அவரை மடுவுக்கு அழைத்துச் சென்று அந்த நிலத்தில் நிறுத்த வேண்டும். செபித்துக்கொண்டிருந்தவர்களே அங்கு இறந்தார்கள்.

அப்படியானால் விசுவாசம் எதற்கு என்று கேட்பீர்கள். இறந்தவர்களை ஒன்றாக நின்று அடக்கம் செய்யவும், மறுநாள் காலையில் எஞ்சிய பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க எழும்பவும் என்பதே எமக்குத் தெரிந்த பதில். இது சின்னப் பதில்தான். ஆனால் அன்று அந்த வளவில் இதைவிடப் பெரிய பதில் யாரிடமும் இருக்கவில்லை.

2008 ஏப்ரல் 3ஆம் திகதி மாதாவே இடம்பெயர்ந்தார். சண்டை திருப்பதியை நெருங்கியதால், குருக்கள் சுரூபத்தை வடக்கே தேவன்பிட்டிக் கோவிலுக்குக் கொண்டுசென்றார்கள். மாந்தையிலிருந்து வந்த சுரூபம் மீண்டும் ஒரு கடற்கரை ஊருக்கு ஓட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது. ஆனால் அந்தக் கரையோர மக்களால் அப்படித் திரும்ப முடியவில்லை. கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் வரை போனார்கள். பல குருக்களும் கன்னியரும் கடைசிவரை அவர்களோடு போனார்கள். அவர்களுள் யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பும் ஒருவர். மே 18ஆம் திகதிக்குப் பின்னர் அவரைக் கண்டவர் இல்லை.

எஞ்சியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாமுக்கு வந்தார்கள். சுமார் மூன்று இலட்சம் பேர் வவுனியா மாவட்ட முகாம்களுக்குள் அடைக்கப்பட்டிருந்த காலம் அது. எங்கள் ஊர், எங்கள் பங்கு என்ற உறவுகளெல்லாம் அங்கே வலயங்களாகவும் கூடார இலக்கங்களாகவும் சிதறின. தண்ணீர் வரிசையில் சண்டை, நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லை என்று சண்டை, எங்கள் ஊராருக்குக் குறைவாகத் தந்தார்கள் என்று சண்டை. பங்கின் ஒற்றுமை என்று மேடையில் பேசுவது இலகு. ஒரு வாளி தண்ணீர்தான் அதைச் சோதிக்கும். மாலையில் கூடாரத்துக்கு வெளியே நாலு பேர் செபமாலை சொல்லத் தொடங்கினால் அடுத்த வரிசைக்காரரும் வந்து இருப்பார்கள். காலையில் அதே ஆட்கள் குழாயடியில் முகம் கொடுத்துப் பேசுவார்கள். ஒற்றுமை அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பி வந்தது. பக்கத்துக் கூடாரத்துச் சைவக் குடும்பம் யாருக்காகவோ தேவாரம் பாடினால் அங்கே போய் இருப்பதும் இதில் அடங்கும். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் தங்கள் சொந்த ஊருக்கு விடப்படாமல் சீனியாமோட்டையில் குடியேற்றப்பட்டார்கள்.

குடும்பங்களுக்குள் வேறொரு சுமை இருந்தது. சாப்பாட்டுக்கு ஆள் எண்ணும்போது ஓர் எண்ணிக்கை குறையும். அவர் இறந்துவிட்டாரா, எங்காவது இருக்கின்றாரா என்று தெரியாமல் பூசை ஒப்புக்கொடுப்பதா, நவநாள் வைப்பதா என்று தாய்மார் தவித்தார்கள். மன்னார் ஆயர் மேதகு இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். வன்னியில் இருந்த மக்கள் தொகைக்கும் போர் முடிந்து வெளியே வந்தவர்களின் தொகைக்கும் இடையிலான வித்தியாசம் அது. அரச அலுவலகக் கணக்குகளை வைத்தே அவர் கேட்டார். காணாமற்போன ஆட்டைத் தேடிப்போன ஆயனுக்கு முதலில் தன் மந்தையின் எண்ணிக்கை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆண்டகை 2021 ஏப்ரல் முதலாம் திகதி காலமானார். அந்தக் கேள்வியைத் தாய்மார் இன்னும் சுமக்கின்றார்கள்.

பங்கு ஒன்று ஒருமித்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு எமது மறைமாவட்டத்திலேயே முள்ளிக்குளம் இருக்கின்றது. கடலும் வயலும் குளமும் உள்ள கத்தோலிக்க ஊர். 2007 செப்டெம்பரில் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் ஊர் கடற்படை முகாமாகியது. மக்கள் காயாக்குழியிலும் மலங்காட்டிலும் கொட்டில் போட்டு வாழ்ந்தார்கள். தங்கள் கோவிலுக்குப் பூசை காணப் போவதற்கும் முகாமுக்குள்ளே போக வேண்டிய நிலை. 2017 மார்ச்சில் அவர்கள் முகாமுக்கு வெளியே தெருவோரம் உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் பெண்களும் முதியவர்களும் அங்கிருந்து அசையவில்லை. ஏப்ரல் 29ஆம் திகதி 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. சொன்னதை நிறைவேற்றுவதிலும் இழுபறிதான். ஆனால் தனித்தனியாக மனுக் கொடுத்த பத்து ஆண்டுகளில் கிடைக்காத ஒரு பதில், ஊராக உட்கார்ந்தபோது ஐந்து ஆறு கிழமைகளில் கிடைத்தது.

விவசாயக் குடும்பங்களாகிய எமக்கு வேதாகமத்தில் மிகவும் நெருக்கமானவர் எரேமியா என்று நாம் எண்ணுகின்றோம். கோவிலில் அவரை அதிகம் பேசுவதில்லை. அழுகின்ற இறைவாக்கினர் என்று ஒதுக்கிவிடுகின்றோம். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்தார்கள். எரேமியாவோ காவலில் இருந்தார். நிலத்துக்கு ஒரு சதமும் பெறுமதி இல்லாத அந்த நேரத்தில், அனதோத்து ஊரில் இருந்த வயலை உறவினர் ஒருவரிடமிருந்து 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டார். உறுதியில் முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுங்காலம் பழுதாகாமல் இருக்க ஒரு மண்பாண்டத்தில் வைக்கும்படி பாரூக்கிடம் சொன்னார். பாபிலோனுக்கு ஏற்கெனவே கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அவர் எழுதிய கடிதமும் இதே போக்குத்தான்: அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், அந்த ஊரின் நன்மைக்காகவும் செபியுங்கள் என்றார். போன இடத்தில் கத்தரி நடு, விட்டுவந்த இடத்தின் உறுதியைப் பத்திரப்படுத்து. நிவாரண அதிகாரிகள் எவரும் இதைவிடத் தெளிவாக எமக்குச் சொன்னதாக நினைவில்லை.

எரேமியா அந்த வயலை உழவில்லை. பின்னர் அவரையும் எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

வன்னியில் எம்மவர்களில் பலரிடம் இருப்பது உறுதி அல்ல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். தகப்பன் பெயரில் இருக்கும், தகப்பன் இல்லை. பின்னுரித்தாளர் பெயர் பதியாமல் விட்டிருப்பார். முன்பு அப்படியான நிலையில் பெண்பிள்ளைகளுக்கு முன்பாக ஆண்பிள்ளைகளுக்கே உரிமை போனது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. கணவனை இழந்து வயலைத் தனியே பார்க்கின்ற சகோதரிகளும், அண்ணன் தம்பி இல்லாத பிள்ளைகளும் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் தொலைந்தவர்கள் கிராம சேவையாளரைக் கண்டு, பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பழைய பதிவேட்டைப் பார்க்கும்படி கேளுங்கள். தனியே போகப் பயமாயிருந்தால் அன்பியத்தில் நாலு பேராகப் போங்கள். ஒரே நாளில் நாலு கோப்புகளையும் பார்க்கலாம்.

காலபோகத்துக்கு முன் குளக்கட்டைத் திருத்துகின்ற வேலையும் இப்படித்தான். எந்தக் குடும்பமும் தனியே செய்ய முடியாது. தண்ணீரும் மதம் பார்த்து வாய்க்காலில் ஓடுவதில்லை. கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு ஞாயிறு பூசையைச் சாட்டி வராமல் விடுபவர்கள் சிலரை நாம் அறிவோம். பூசை நேரத்தைப் பங்குத்தந்தையிடம் கேட்டு மாற்றலாம், மழை வருகின்ற நேரத்தை மாற்ற முடியாது.

ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகின்றவர்கள் வழக்கம்போல ஒரு பிடி மண் எடுத்து வருவீர்கள். பாம்புக்கடிக்கு அது மருந்து என்பது எங்கள் முன்னோரின் நம்பிக்கை. மண்ணை வீட்டில் வையுங்கள். பாம்பு கடித்தால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதா கோபிக்க மாட்டார். திரும்பி வந்ததும் காணிப் பத்திரங்களின் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் இன்னொன்றை வேறு ஊரில் இருக்கின்ற நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வையுங்கள். மண்பாண்டம் கிடைக்காவிட்டால், மூடி இறுகப் பூட்டுகின்ற பால்மா ரின் போதும்.