மடக்குப் பந்தல் வாங்குமுன்

புதுவை காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தையில் நாள் முழுதும் வெயிலில் நிற்போருக்கு மடக்குப் பந்தல் பெருந்துணை. வாங்குவோர் துணியின் நிறத்தைப் பார்ப்பர். நான் கால்களைப் பார்க்கச் சொல்வேன்.

தார்ச்சாலையில் முளை அடிக்க இயலாது. பிற்பகலில் கடற்காற்று வேறு! காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயரும். பத்தடிச் சதுரக் கூரையை மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று முழுமையாகத் தாக்கினால் விசை ஏறத்தாழ 57 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு. எனவே காலுக்கு 15 கிலோ மணல்மூட்டையாவது கட்டவேண்டும். இல்லையேல், எழும்பும் பந்தல் பக்கத்துக் கடைக்காரர் தலையில்தான் விழும்.

இரும்புச் சட்டம் மலிவு, உப்புக்காற்றில் துருவேறும். மெல்லிய அலுமினியம் வளையும். விலை கூடினும் தடித்த அலுமினியமே நம் ஊருக்கு ஏற்றது. 2024 நவம்பர் 30இல் கரைகடந்த ஃபெஞ்சல் போன்ற புயலென்றால், எந்தப் பந்தலையும் மடக்கி உள்ளே வைத்துவிட வேண்டியதுதான்.