கம்பளி இருக்கையும் புதிய அமைச்சும்

பிரிட்டன் நாட்டுப் பிரபுக்கள் சபையில், அரியணைக்கு முன்னே, செந்துணி போர்த்த அகன்ற இருக்கை ஒன்று உண்டு. அதனுள் அடைக்கப்பெற்றிருப்பது கம்பளி. கம்பளி வாணிகமே இங்கிலாந்தின் செல்வத்துக்கு அடிப்படையாய் விளங்கிய 14ஆம் நூற்றாண்டில் அவ்விருக்கை அமைந்தது என்பர். பல நூற்றாண்டுகள் அதன்மீது அமர்ந்து சபையை நடத்தியவர் லார்டு சான்சலர் ஆவார்.

அவர் அவைத்தலைவர் மட்டும் அல்லர்; அமைச்சரவையில் ஓர் அமைச்சர்; நீதித்துறைக்குத் தலைவர்; தாமே வழக்குக் கேட்டுத் தீர்ப்புக் கூறும் உரிமையும் உடையவர். அரசாங்கத்தின்மீது குடிமகன் ஒருவன் வழக்குத் தொடுப்பின், அதனைக் கேட்க அரசாங்கத்தின் அமைச்சரே அமரலாம் எனின், அவன் உள்ளம் அமைதி பெறுமோ? அமர்பவர் நடுவுநிலை பிறழாதவராகவே இருக்கலாம். ஆயினும் ஐயம் எழுதற்கு இடம் இருத்தல் தகாது அன்றோ?

இக்குறையை நீக்கக் கருதிய பிரதமர் டோனி பிளேர், 2003 ஜூன் 12ஆம் நாள் அரசியலமைப்பு விவகார அமைச்சர் என்னும் புதிய பதவியை ஏற்படுத்தினார். லார்டு சான்சலர் பதவி ஒழியும் என்றும் அறிவிக்கப்பெற்றது. அப்பதவியில் இருந்த இர்வின் பிரபு நீங்கினார். இளமையில் பிளேருக்குச் சட்டத்தொழில் பயிற்றிய ஆசான் அவரே. புதிய பதவியைப் பால்கனர் பிரபு ஏற்றார்.

ஆனால் ஒரு தடை எதிர்ப்பட்டது. லார்டு சான்சலரின் கடமைகள் பற்பல சட்டங்களில் பெயர் குறித்து எழுதப்பட்டிருந்தன. சட்டம் தந்ததைப் பிரதமரின் அறிவிப்பு அகற்ற இயலாது. ஆதலின், பதவியை ஒழிக்க வந்த பால்கனரே லார்டு சான்சலராகவும் பொறுப்பேற்று அக்கம்பளி இருக்கையில் அமர நேர்ந்தது! வீட்டை இடிக்க வந்தவர் அதிலேயே குடிபுகுந்ததை ஒக்கும் இது.

பின்னர் முறைப்படி மசோதா வந்தது. பிரபுக்கள் சபை நெடிது வாதாடிப் பதவியின் பெயரைக் காத்தது. அதன் பழைய அதிகாரங்களைக் காக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சீர்திருத்தச் சட்டத்தால், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் நீதித்துறைத் தலைமை தலைமை நீதிபதியைச் சேர்ந்தது. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கத் தனி ஆணைக்குழு 2006இல் தோன்றியது. அவ்வாண்டே சபை தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்க, ஹேமன் சீமாட்டி கம்பளி இருக்கையில் அமர்ந்தார். அதுகாறும் பிரபுக்கள் சபையின் ஒரு பகுதியாய் இயங்கிய உச்ச நீதிமன்றப் பணி, 2009 அக்டோபர் முதல் நாளிலிருந்து தனிக் கட்டடத்தில், தனி மன்றத்தில் நடைபெறலாயிற்று.

அதனைக் காணும்வரை புதிய அமைச்சு நிலைக்கவில்லை. 2007 மே 9ஆம் நாள் நீதி அமைச்சகம் அமைந்தபோது அது மறைந்தது. அதனை வகித்தவர் பால்கனர் ஒருவரே. நான்கு ஆண்டுகளும் நிறையவில்லை. ஒழியும் என்று அறிவிக்கப்பெற்ற லார்டு சான்சலர் பதவியோ நீதி அமைச்சரிடம் தங்கிற்று. அடுத்த மாதமே அதனை ஏற்ற ஜாக் ஸ்ட்ரா பிரபு அல்லர்; மக்கள் சபையின் உறுப்பினர்.