49 பக்கத்தில் ஒரு படம்

அகலம் 400 கட்டம், உயரம் 500 கட்டம். ஓர் ஓவியத்தைக் கணினியில் ஏற்றினால் இப்படியொரு கிராஸ் ஸ்டிச் மாதிரியை மென்பொருள் சில நொடியில் தந்துவிடும். அச்சிடும்போதுதான் அதன் பருமன் தெரியும். ஒரு தாளில் குறுக்கே 60 கட்டமும் நெடுக்கே 80 கட்டமும் அடங்கினால் மொத்தம் 49 பக்கம். வெற்றிடமே இல்லாத படமென்றால் 2 லட்சம் தையல். மணிக்கு 100 தையல் வீதம் தினமும் 2 மணி நேரம் உட்கார்ந்தாலும் 1,000 நாள் ஆகும்.

பெருக்கல் குறி வடிவிலான இந்தத் தையல் என்னவோ பள்ளிப் பிள்ளையும் போடக்கூடியது. மேலே வரும் கால் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய வேண்டும். மாறினால் வெளிச்சம் வேறு மாதிரி பட்டு அந்த இடம் திட்டாகத் தெரியும். கற்றுக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான். மீதியெல்லாம் வழி தவறாமல் இருப்பது.

கர்நாடகத்துக்கு இந்தக் கட்டக் கணக்கு புதிதல்ல. தார்வாடு, ஹுப்பள்ளிப் பக்கத்துக் கசூதித் தையல் வேலையில் துணிமேல் கோடு வரைவதில்லை. இழைகளை எண்ணியே தேர், கோபுரம், பல்லக்கு, அம்பாரி யானை எல்லாம் போடுவார்கள். அதன் நான்கு தையல்களில் மெந்தெ என்பது கிராஸ் ஸ்டிச்சேதான். கவந்தி என்பது ஓட்டுத் தையல். போகும்போது விட்ட இடைவெளியைத் திரும்பி வரும்போது நிரப்புவதால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும், முடிச்சும் கிடையாது. போன வழியே திரும்பும் கணக்கு மனத்தில் இருந்தால் போதும், தாள் வேண்டாம். 49 பக்கப் படத்துக்கு அந்த வசதி இல்லை. முகத்தின் நிழலுக்கே பத்துப் பன்னிரண்டு நிறம் வரும். எதையும் மனப்பாடம் செய்ய முடியாது.

அதனால் முதலில் துணியில் 10 கட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். மாதிரித் தாளிலும் அதே இடத்தில் தடித்த கோடு இருக்கும். தண்ணீரில் அழியும் பேனா போதும், ஆனால் துவைக்கும் முன் இஸ்திரி படக்கூடாது. சூடு பட்டால் மை தங்கிவிடலாம். மெல்லிய தூண்டில் நரம்பை ஓட்டிவிட்டுக் கடைசியில் உருவிவிடுவோரும் உண்டு. எனக்கு அதுதான் மேல்.

அடுத்த இடறல் பக்க ஓரம். பல மாதிரிகளில் ஒரு பக்கத்தின் கடைசி இரண்டு மூன்று வரிசைகள் அடுத்த பக்கத்தின் தொடக்கத்தில் சாம்பல் நிறத்தில் மறுபடியும் வரும். இடம் கண்டுபிடிக்க மட்டுமே அவை. தெரியாமல் இன்னொரு முறை தைத்தால் அங்கிருந்து படம் முழுவதும் இரண்டு மூன்று கட்டம் தள்ளிப்போகும். கண் ஓரிடம், புருவம் ஓரிடம். பக்கத்தை முடிக்கும்போது ஓரத்தில் நேர்கோடாக நிறுத்துவதும் தவறு. எல்லா நூலும் ஒரே கோட்டில் முடிந்து, ஒரே கோட்டில் தொடங்கினால், ஒட்டுப்போட்ட தடம் போல அது தெரியும். ஒவ்வொரு நிறத்தையும் அடுத்த பக்கத்துக்குள் சில கட்டம் ஓடவிட்டு, ஓரத்தை மேடுபள்ளமாக விட வேண்டும்.

கையிலுள்ள 10 கட்டச் சதுரத்தை முடித்ததும் நூலை வெட்டாமல், அதே நிறம் அடுத்து வேண்டிய துளையில் மேலே எடுத்துத் தொங்கவிடும் முறையும் இருக்கிறது. அடுத்த தையலின் முகவரியை நூலே சொல்லும். அழகான யோசனை. ஆனால் இருபது நூல் தொங்கும் துணியைச் சிறு குழந்தை இருக்கும் வீட்டில் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பொருளுக்கு வருவோம். அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள ஐடா துணியில் இந்தப் படம் ஏறக்குறைய 29க்கு 36 அங்குலம். சுற்றிலும் 3 அங்குலம் கூட்டி வாங்க வேண்டும். மேட்டித் துணி மலிவு, ஆனால் வாங்குமுன் குறுக்கும் நெடுக்கும் எண்ணிப்பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் முகம் நீண்டுவிடும். மாதிரிகளில் பெரும்பாலும் பிரான்ஸின் டி.எம்.சி. நூலின் நிற எண்தான் இருக்கும், நம் கடைகளில் எளிதில் கிடைப்பது ஆங்கர் நூல். டி.எம்.சி. 310 கருப்புக்கு ஆங்கர் 403 என்று ஒப்பீட்டு அட்டவணை உண்டு. ஆனால் டி.எம்.சி.யின் இரண்டு நெருங்கிய நிறத்துக்கு அட்டவணை ஒரே ஆங்கர் எண்ணைக் காட்டும் இடங்களில் கன்னத்து நிழல் தட்டையாகிவிடும். அங்கே கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பெங்களூரின் பொம்மசந்திராவில் இருப்பவர்களுக்குச் சிக்குப்பேட்டைக் கடைகளுக்குப் போய் நூல் வாங்குவது முன்பு ஒரு நாள் பாடு. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தபின் சில்க் போர்டு நெரிசலைத் தலைக்குமேல் கடந்து, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறிச் சிக்குப்பேட்டையில் இறங்கலாம். மாதிரித் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். பின்னணி நிறத்துக்கு வேண்டிய நூல்கண்டு முழுவதையும் ஒரே தடவையில், ஒரே சாய எண்ணில் வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே நிறம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.