இயங்குதளத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றுதல்

கணினியின் வன்தட்டில் உள்ள இயங்குதளத்தை, அதில் நிறுவிய மென்பொருள்கள், அமைப்புகள், கோப்புகள் ஆகியவற்றோடு திண்மநிலை இயக்ககம் எனப்படும் எஸ்எஸ்டிக்குக் கொண்டுசெல்வது இயங்குதள இடமாற்றம் ஆகும். பழைய கணினியின் வேகத்தைக் கூட்ட இது சிக்கனமான வழி. எனினும் ஒரு படி தவறினால் பல ஆண்டுகளாகச் சேர்த்த ஒளிப்படங்களும் பாடக் குறிப்புகளும் அழிந்துபோகலாம். எனவே இதில் வரிசைமுறை முக்கியம்.

வேகம் கூடக் காரணம்

வன்தட்டில் காந்தத் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. தரவு உள்ள இடத்தைப் படிமுனை சென்றடைய ஒவ்வொரு முறையும் சில மில்லிநொடிகள் ஆகும். இயங்குதளம் தொடங்கும்போது எண்ணற்ற சிறு கோப்புகள் படிக்கப்படுவதால் இத்தாமதம் பெருகுகிறது. எஸ்எஸ்டியில் அசையும் பாகம் இல்லாததால் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் நீங்குகிறது.

பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்தல்

2.5 அங்குல சாட்டா வகை நொடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரை படிக்கும். என்விஎம்இ வகை இதைவிடப் பல மடங்கு வேகமானது. எம்.2 என்பது வடிவத்தின் பெயரே தவிர வேகத்தின் பெயர் அன்று. 2280 என்று குறித்திருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்று பொருள். சில எம்.2 செருகுவாய்கள் சாட்டாவை மட்டும் ஏற்கும். சில என்விஎம்இயை மட்டும் ஏற்கும். வாங்குமுன் கணினியின் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

நகலெடுத்து ஒட்டினால் போதாதா?

போதாது. கணினியை இயக்கியதும் முதலில் தேடப்படும் துவக்க நிரல், விண்டோஸ் அடைவுக்கு வெளியே தனிப் பிரிவில் இருக்கலாம். யூஇஎஃப்ஐ முறையில் அப்பிரிவு பொதுவாக எஃப்ஏடி32 வடிவில் இருக்கும். நூல்களை எல்லாம் எடுத்துச் சென்று, அவை இருக்குமிடத்தைக் காட்டும் பட்டியலை விட்டுச்சென்ற நூலகம் போல, கோப்புகள் இருந்தும் கணினி தொடங்காது. ஆகவே எல்லாப் பிரிவுகளையும் அப்படியே படியெடுக்கும் நகலாக்க மென்பொருள் தேவை. குளோன்சில்லா இவ்வகைக் கட்டற்ற மென்பொருள்.

செய்முறை

1. முக்கியக் கோப்புகளை மூன்றாவது சாதனம் ஒன்றில் காப்புப்படி எடுக்கவும். வன்தட்டு பழுதாகத் தொடங்கியிருந்தால் நகலாக்கத்துக்கு முன் கோப்புகளை மீட்பதே முதல் வேலை.
2. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்புத் திறவை வேறிடத்தில் குறித்துவைத்து, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தவும்.
3. எஸ்எஸ்டி சிறியதாயின், பயன்பாட்டில் உள்ள தரவு அதில் அடங்குமா என்று பார்க்கவும். தேவையானால் பழைய தட்டின் பிரிவுகளை முன்பே சுருக்கவும்.
4. எஸ்எஸ்டியை உள்ளேயோ யூஎஸ்பி இணைப்பான் வழியாகவோ பொருத்தவும்.
5. மூலம் எது, இலக்கு எது என்பதை மாதிரிப் பெயர், கொள்ளளவு இரண்டையும் கொண்டு உறுதிசெய்யவும். இரண்டும் இடம் மாறினால் வெற்று எஸ்எஸ்டி பழைய தட்டின் மேல் படியெடுக்கப்பட்டு எல்லாம் அழியும்.
6. நகலாக்கம் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியிலிருந்து தொடங்கவும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கக்கூடும் என்பதால், சேர்ந்திருந்தால் குழப்பம் நேரலாம்.

பழைய தட்டு

புதியது தொடங்கிவிட்டது என்பதற்காகப் பழையதை உடனே அழிக்கக் கூடாது. கோப்புகளைத் திறந்து பார்த்து, சில வாரங்கள் பயன்படுத்திய பிறகே அதில் கைவைக்கலாம். அதுவரை அதுவே நமது பாதுகாப்பு. பிறருக்குக் கொடுப்பதானால் முழுத் தட்டையும் மேலெழுதி அழிக்க வேண்டும். வெறுமனே நீக்கிய கோப்புகளை மீட்டெடுக்க முடியும். நல்ல நிலையில் இருந்தால் காப்புப்படிக்கு வைத்துக்கொள்ளலாம். மின்சாரமின்றி நெடுங்காலம் வைக்கும் தரவுக்கு எஸ்எஸ்டியை விட வன்தட்டே ஏற்றது.